தொலைந்தது அட்டைதான்

குழந்தையின் ஆதார் அட்டை காணாமல் போனது தெரியவருவது பெரும்பாலும் அது தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவில்தான். ரேஷன் கார்டின் பிளாஸ்டிக் உறை, தடுப்பூசிப் புத்தகம், இன்ஷூரன்ஸ் கோப்பு, பீரோவில் புடவைகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாள் என்று ஒவ்வோர் இடமாகத் துழாவி முடித்ததும், கடைசியாக அதை யார் கையில் வைத்திருந்தார்கள் என்ற விசாரணை ஆரம்பமாகும். மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா சொல்வார்: "ஆதார் இல்லாமல் பெயர் ஏற்ற முடியாது. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது." டெல்லியில் ஏப்ரலிலும் மும்பையில் ஜூனிலும் கேட்கிற வாக்கியம் இது. எந்த மொழியில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: தொலைத்தது நீங்கள், அலைய வேண்டியதும் நீங்கள், அதுவரை குழந்தை காத்திருக்கட்டும்.

முதல் இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். மூன்றாவதற்குச் சட்டத்தில் இடமில்லை. தொலைந்த அட்டையை மீட்பது எப்படி என்பது விஷயத்தில் ஒரு பாதி. அதைத் தெருமுனை இன்டர்நெட் கடைக்காரரே சொல்லிவிடுவார். அட்டை கையில் இல்லாத நாட்களில் குழந்தைக்கு எதையெல்லாம் மறுக்கக் கூடாது என்பது மறு பாதி. அதை யாரும் சொல்வதில்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியில் 'ஆதார்' என்றால் அடிப்படை. அதே சொல் தமிழில் 'ஆதாரம்' ஆகும்போது அடித்தளம் என்ற பொருளோடு சான்று என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. நம் காதில் இரண்டாவது பொருள்தான் உரக்க ஒலிக்கிறது. ஆகவே குழந்தை யார், எந்த ஊர், எப்போது பிறந்தது என்ற எல்லாவற்றுக்கும் இதுதான் சான்று என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று அதன் சட்டமே சொல்கிறது. பிறந்த தேதிக்கும் அது சான்று அல்ல என்று ஆதார் ஆணையம் 2023இல் தெளிவுபடுத்தியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைத் தீர்மானிக்க ஆதாரைவிடப் பள்ளிச் சான்றிதழே பொருத்தம் என்றது. குழந்தையின் வயதை ஆதாரைப் பார்த்து எழுதும் பள்ளிகள் இந்த வேடிக்கையைக் கவனிப்பதில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நீல நிறத்தில் தரப்படுவது 'பால் ஆதார்'. இந்தியில் 'பால்' என்றால் குழந்தை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வடக்கே வந்தவர்கள் இதை ஆவின் பூத் சமாசாரம் என்று எண்ணினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த அட்டைக்காகக் குழந்தையின் கைரேகையோ கருவிழிப் பதிவோ எடுப்பதில்லை. புகைப்படம், பெயர், பிறந்த தேதி, முகவரி, இவற்றோடு தாய் அல்லது தகப்பனின் ஆதார். அவ்வளவுதான். சட்டப்படியான அடையாளம் என்று வந்தாலும், அந்தக் குழந்தை பெற்றோரின் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அரசாங்கத்தின் முன் நிற்கிறது. ஐந்து வயதில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை கைரேகையும் கருவிழியும் பதிவு செய்ய வேண்டும். 5 முதல் 7 வரையும் 15 முதல் 17 வரையும் இதற்குக் கட்டணம் கிடையாது. இடைப்பட்ட வயதுக்காரர்களுக்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. ஏழு வயது தாண்டியும் பதிவு செய்யாவிட்டால் எண் முடக்கப்படலாம் என்று ஆணையம் 2025இல் எச்சரித்தது. அட்டை தொலைந்ததென்று மையத்துக்குப் போகும் பெற்றோர், குழந்தை எந்த வயதில் நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து டெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் வழங்கப்பட்டது 2010 செப்டம்பர் 29 அன்று. அன்று தரப்பட்டது ஓர் எண். ஆதார் என்பது பன்னிரண்டு இலக்க எண்தான், அட்டை அல்ல. எண் ஆணையத்தின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அட்டை தொலைந்தாலும், கிழிந்தாலும், ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டு வந்தாலும் எண் மாறாது. தபாலில் வந்த காகிதம், இணையத்திலிருந்து இறக்கிய மின் ஆதார், பர்ஸில் வைக்கிற பிளாஸ்டிக் அட்டை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு. ஆகவே எண் தெரிந்து, பதிவில் உள்ள கைப்பேசியும் உபயோகத்தில் இருந்தால், இது பத்து நிமிட வேலை. ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைப் பதிந்தால் மின் ஆதார் வந்துவிடும். பிளாஸ்டிக் அட்டை வேண்டுமானால் சிறு கட்டணம் செலுத்தினால் ஸ்பீட் போஸ்ட்டில் வரும். 2020இல் அறிமுகமானபோது அதற்குக் கட்டணம் 50 ரூபாய்.

எண்ணும் தெரியாது என்றால், பதிவிலுள்ள பெயரையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து மீட்கலாம். நம்மவர்களுக்குச் சிக்கல் ஆரம்பமாவது இங்கேதான். பெயரைப் பதிவில் உள்ளபடியே கொடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர் எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊரின் வாடை அதில் ஏறியிருக்கும். 'லதா' என்ற எளிய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 'த'வுக்கு 'டி' போட்டு 'ஹெச்' சேர்ப்பார்கள். வடக்கே அந்த 'ஹெச்' கிடையாது. சென்னையில் பதிவானால் ஐந்து எழுத்து, நாக்பூரில் பதிவானால் நான்கு. கயல்விழியின் நிலைமை இன்னும் மோசம். 'ழ'வுக்கு இந்தியில் எழுத்து இல்லாததால் பதிவு செய்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். அவள் கயல்விலியாகவோ கயல்விஜியாகவோ அட்டையில் வந்து சேர்வாள்.

அப்புறம் இனிஷியல். நமக்கு அது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. மற்றவர்களுக்கு அது பாதியில் நின்றுபோன குடும்பப் பெயர். அதை விரித்து முன்னால் போட்டார்களா, பின்னால் போட்டார்களா, ஓர் எழுத்தாகவே விட்டார்களா என்பது தெரிந்தால்தான் பதிவு அகப்படும். மின் ஆதாரைத் திறக்கும் கடவுச்சொல்லிலும் இதே கதை. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. அட்டையில் பெயர் 'பி. குமார்' என்று புள்ளியோடு இருந்தால் அந்தப் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும், இடைவெளி வராது. ஆணையமே தன் விளக்கக் குறிப்பில் இந்த உதாரணத்தைத் தந்திருக்கிறது. கடவுச்சொல் தவறு என்ற அறிவிப்பைப் பார்த்துப் பதறும் பல தகப்பன்மார்கள் ஒரு புள்ளியில் தடுக்கி விழுந்தவர்கள்.

இதுவரை சொன்னது எல்லாமே பதிவிலுள்ள கைப்பேசி உயிரோடு இருந்தால்தான். குழந்தைக்கென்று கைப்பேசி கிடையாது; தகப்பனுடையதோ தாயினுடையதோதான் பதிவில் இருக்கும். வேலை மாறி, ஊர் மாறி, மலிவான திட்டம் தேடி எண்ணை மாற்றும் குடும்பங்களில் அந்தப் பழைய எண் எப்போதோ செத்துப்போயிருக்கும். இணைப்புத் துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்கள் கழிந்தால் வேறொருவருக்குத் தரப்படலாம். உங்கள் குழந்தையின் ரகசிய எண் யாரோ ஒரு அந்நியரின் பையில் மணியடிக்கும். எண்ணை மாற்றும் நாளிலேயே ஆதார் மையத்துக்குப் போய்ப் பதிவையும் மாற்றுவது நல்லது. ஒரே கைப்பேசி எண்ணைக் குடும்பத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இணைக்கலாம். தகப்பன் வெளியூரில் வேலை பார்க்கிற வீடுகளில் அது தாயின் எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

கைப்பேசி போய்விட்டது, ஆதார் எண் மட்டும் தெரியும் என்றால், பதிவில் இல்லாத கைப்பேசியிலிருந்தும் பிளாஸ்டிக் அட்டை கேட்க வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அட்டை பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது கிணற்றடியில் நின்று தாகம் என்பது போலத்தான். எண்ணும் தெரியாமல் கைப்பேசியும் இல்லாமல் போனால், ஐந்து வயதுக்கு மேல் கைரேகை பதிந்த குழந்தையை மையத்துக்கு அழைத்துப் போய் ரேகையைக் கொண்டு தேடலாம். பால் ஆதார் குழந்தைக்கு அந்த வழியும் இல்லை. அப்போது எண்ணை வேறு இடங்களில் தேட வேண்டும். ரேஷன் கடைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, முன்பு படித்த பள்ளி, குழந்தையின் பெயரில் தொடங்கிய வங்கிக் கணக்கு. பதிவு செய்த அன்று தந்த ஒப்புகைச் சீட்டு அகப்பட்டால் அதிலுள்ள பதிவு எண்ணும் தேதியும் நேரமும் போதும். 1947 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். பழையது கிடைக்கவில்லை, புதிதாகப் பதிந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சின்னக் குழந்தைக்குக் கைரேகை இல்லாததால் இரண்டாவது எண் தற்செயலாக வந்துவிடவும் கூடும். ரேகை எடுக்கும் வயதில் முடிச்சு விழும். இரு எண்களும் ஒரே குழந்தை என்று கணினி கண்டுபிடித்து ஒன்றை நிராகரிக்கும். பள்ளியில், வங்கியில், தேர்வு விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது நிராகரிக்கப்பட்ட எண்ணாக இருந்தால், பிறகு அதைத் திருத்திக்கொண்டே ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான்.

பத்து நிமிட வேலை என்று மேலே சொன்னது யாருக்கு? கைப்பேசி மாறாதவருக்கு, முகவரி மாறாதவருக்கு, ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்ததும் கரும்பு வெட்டக் கிளம்புகிற குடும்பங்கள் உண்டு. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்தும் நுவாபடாவிலிருந்தும் தெலங்கானா செங்கல் சூளைகளுக்கும் சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளுக்கும் வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கூடவே குழந்தைகளும் வருகிறார்கள். தார்ப்பாய்க் குடிசையில் எலி கடித்த அட்டைக்கு மாற்று வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். போய் நின்ற மையத்தில் பேசும் மொழி தெரியாது. கையிலிருக்கும் கைப்பேசி சூளை மேஸ்திரியுடையதாக இருக்கும். அட்டை தொலைவது எல்லா வீட்டிலும் நடக்கும். அதற்கான விலைதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2017 பிப்ரவரி இறுதியில் மத்திய அரசு மதிய உணவுக்கு ஆதார் தேவை என்று அறிவிக்கை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், ஆதார் இல்லாததற்காக எந்தக் குழந்தைக்கும் உணவு மறுக்கப்படாது என்று விளக்கம் தர நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் நின்றுபோய்ப் பட்டினியில் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றார்கள் அதிகாரிகள். அந்தச் சர்ச்சை தீராவிட்டாலும், ஒரு காகிதத்துக்கும் ஒரு குழந்தையின் சோற்றுக்கும் நடுவே என்ன இருக்கலாம் என்ற கேள்வியை நாடு முழுவதும் கேட்க வைத்தது.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், ஆதார் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஏ.கே. சிக்ரி. சட்டத்தை ஏற்ற அதே தீர்ப்பு குழந்தைகள் விஷயத்தில் தெளிவாக வேலி போட்டது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தையின் கல்வி அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு தரும் அடிப்படை உரிமை. அது மானியமும் அல்ல, சலுகையும் அல்ல. ஆகவே பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது. ஆதார் எண்ணைக் காட்ட முடியாததற்காக எந்தத் திட்டத்தின் பலனையும் குழந்தைக்கு மறுக்கக் கூடாது. 2019இல் ஆதார் சட்டத்தில் சேர்த்த 3ஏ பிரிவு இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன் ஆதார் ஆணையமும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: ஆதார் இல்லை என்று பள்ளிகள் சேர்க்கையை மறுக்கக் கூடாது, தபால் நிலையம், வங்கி, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றோடு சேர்ந்து பள்ளிகளே முகாம் நடத்த ஏற்பாடு செய்யட்டும். அதாவது அலைய வேண்டியது பெற்றோர் மட்டும் அல்ல.

குமாஸ்தாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும்போது ஆதார் கட்டத்தை நிரப்பும்படி மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். 2023இல் தொடங்கிய 'அபார்' என்ற மாணவர் எண்ணுக்கு, பள்ளிப் பதிவிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். எத்தனை பேருக்கு முடிந்தது என்று வாராவாரம் கணக்குக் கேட்கிற அதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவருக்கு விதி தெரியாமல் இருக்காது. விதியைவிடக் கணக்கு அவசரமாகத் தெரிகிறது. அபார் எண்ணுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அது கட்டாயம் அல்ல என்பதையும் அவரே சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. சண்டை வேண்டாம். "ஆதார் எண் கொண்டுவராததால் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் போதும். எழுத்தில் தர யாருக்கும் கை வராது. எழுதினால் சட்டத்துக்கு எதிராகத் தாமே எழுதிய சாட்சியாகிவிடும். நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிகிற மறைப்பு நகலைக் கொடுக்கலாம். அதையும் ஆணையத்தின் தளமே தருகிறது.

குழந்தைக்காக ஒரே ஒரு காகிதத்தைப் பூட்டி வைக்க முடியும் என்றால் அது பிறப்புச் சான்றிதழாக இருக்கட்டும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்த ஒன்றே சான்று என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அது தொலைந்தாலும் பதிவாளரிடம் நகல் கேட்டு வாங்கலாம். அதுகூட இல்லையா? வயதுச் சான்று இல்லாததற்காக எந்தக் குழந்தையையும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பதினான்காம் பிரிவில், அன்றே சொல்லிவிட்டது.

3ஏ பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. அதிகம் பேர் கவனிக்காதது. ஆதார் பெற்ற குழந்தை பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள், விரும்பினால், தன் எண்ணை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த எண்ணைக் குழந்தை கேட்டு வாங்கவில்லை, பெரியவர்கள் அதன் சார்பில் வாங்கினார்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிற வரி அது. தான் கேட்காத ஒன்றைப் பெரியவர்கள் தொலைத்ததற்காக வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டிய கடமை ஒரு குழந்தைக்கும் கிடையாது. அட்டை பத்து நாள் கழித்து ஸ்பீட் போஸ்ட்டில் வரட்டும். மணி அடித்ததும் குழந்தை உள்ளே போகட்டும்.